முதல் குடும்ப ஒன்றுகூடல்: பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால்

பெரும்பாலும் துக்க வீட்டில்தான் இந்தப் பேச்சு தொடங்கும். “நல்லது கெட்டதுக்குத்தான் பார்த்துக்கறோம், ஒரு தடவை எல்லாரும் சும்மா கூடணும்” என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும். ஒரு வாரம் பழைய போட்டோக்கள் வரும். அப்புறம் வெறும் காலை வணக்கம்தான். அந்த நேரத்தில் “சரி, நான் பார்த்துக்கறேன்” என்று வாய்விட்டுவிட்ட ஆளுக்காக எழுதியது இது.

முதல் தடவை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மண்டபம், சாப்பாடு, மேடை என்று இறங்கிவிடுகிறார்கள். அதெல்லாம் காசு கொடுத்தால் நடக்கும். காசு கொடுத்தும் நடக்காத வேலை ஒன்று இருக்கிறது. வந்தவர்களில் முன்பின் பார்த்திராத இரண்டு பேர், “நீங்க எனக்கு என்ன முறை?” என்று கேட்டு, பதிலைத் தெரிந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

யாருடைய வாரிசுகள் கூடுகிறோம்?

இதை முடிவு செய்யாமல் ஒரு போன்கூடப் போடாதீர்கள். “நம்ம குடும்பம்” என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒரு தம்பதியைத் தேர்ந்தெடுத்து, “இவர்களின் வாரிசுகளும் வாழ்க்கைத் துணைகளும்” என்று எல்லை போடுங்கள். அந்தத் தம்பதியை இங்கே மூலத் தம்பதி என்று சொல்லிக்கொள்வோம்.

கணக்கு எப்படி வளரும் என்று பாருங்கள். மூலத் தம்பதிக்கு 6 பிள்ளைகள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் 4, அந்த நான்கு பேர் ஒவ்வொருவருக்கும் 3 என்று வைத்துக்கொண்டால் 6, 24, 72 என்று மொத்தம் 102 பேர். முதல் இரண்டு தலைமுறையின் துணைகள் 30 பேரைச் சேர்த்தால் 132. இன்னும் ஒரு படி மேலே போய், மூலத் தம்பதியில் ஒருவரோடு உடன்பிறந்த ஐந்து பேரின் கிளைகளையும் சேர்த்தால் அதே வீதத்தில் 790-ஐத் தாண்டிவிடும். பிரான்சின் வாந்தே பகுதியில் 2012 ஆகஸ்டில் போர்த்தோ-புவாலேவ் குடும்பத்தினர் 4,514 பேர் ஒரே இடத்தில் கூடி கின்னஸ் பதிவில் ஏறினார்கள். எத்தனை தலைமுறை மேலே ஏறுகிறீர்களோ அதற்கேற்பக் கூட்டம் பெருகும், அவ்வளவுதான். உங்கள் முதல் கூடலுக்கு அந்த ஆசை வேண்டாம்.

என் கணக்கு எளிது. இன்று உயிரோடு இருப்பவர்களில் ஒருவராவது நேரில் பார்த்துப் பழகிய மூத்த தம்பதி யாரோ அவர்களையே மூலமாக வையுங்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கும்போது கூடலுக்கு உயிர் வந்துவிடும். யாருமே பார்த்திராத முன்னோர் வெறும் பெயராகத்தான் நிற்பார்.

எல்லைக்குள் யார் யார் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மகள் வழி வாரிசுகள், தத்துப் பிள்ளைகள், மறுமணத்தோடு வந்த பிள்ளைகள், பிரிந்துபோன மருமகளும் அவருடைய பிள்ளைகளும். இவர்களை விட்டுவிட்டுப் போட்ட பட்டியல் எங்கேயும் குறையாகத்தான் நிற்கும். கன்பூசியஸின் வம்சப் பதிவேடு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தொடர்வது. அதில் பெண் வாரிசுகளை முதல்முறையாகச் சேர்த்ததே 2009-இல் வந்த பதிப்பில்தான். அந்தப் பதிப்பில் பெயர்கள் 20 லட்சத்தைத் தாண்டின. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் சேர்த்துவிடுங்கள் என்பது என் கட்சி.

கிளைக்கு ஓர் ஆள்

மூலத் தம்பதியின் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கிளை. கிளைக்கு ஒரு பொறுப்பாளர் போதும். அந்தக் கிளையில் யாரிடம் எல்லோரும் பேசுகிறார்களோ அவரைப் பிடியுங்கள்; வசதியானவரோ பதவியில் இருப்பவரோ ஆக வேண்டியதில்லை. பல வீடுகளில் அது ஓர் அத்தையாகவோ சித்தியாகவோ இருக்கும். அவருக்குக் கணினி தெரியாவிட்டால் பக்கத்தில் ஓர் இளையவரை உட்காரவையுங்கள்.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு கிளைகள் இல்லாத குடும்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களைச் சமாதானப்படுத்துவது உங்கள் வேலை இல்லை. இருவருக்கும் தனித்தனியாக, இருவரும் மதிக்கிற ஒருவரை வைத்துச் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்குச் சொத்துப் பேச்சு, பழைய கணக்கு, அரசியல் எதுவும் எடுக்கப்படாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்குறுதிக்காகவே வருகிறவர்கள் உண்டு.

பெரியவர்களுக்கு வாட்ஸ்அப் அழைப்பு அழைப்பே அல்ல. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் கிளைப் பொறுப்பாளர் போனிலாவது பேச வேண்டும்.

தேதி, இடம், பணம்

“எல்லாருக்கும் எந்தத் தேதி தோது?” என்று குழுவில் கேட்டால் கடைசிவரை தேதி கிடைக்காது. பள்ளி விடுமுறையையும் குடும்பத்திலேயே மூத்தவரின் உடல்நிலையையும் பார்த்து இரண்டே தேதிகளைச் சொல்லி, ஒன்றை ஒரு வாரத்துக்குள் உறுதி செய்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வர வேண்டுமென்றால் ஒன்பது மாதம் முதல் ஓர் ஆண்டுவரை அவகாசம் வேண்டும். முதல் தடவை ஒரே பகல் போதும். இரண்டு நாள் தங்கல் என்றால் அறை ஒதுக்குவதிலேயே மனஸ்தாபம் வந்து நிற்கும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். கழிவறை எவ்வளவு தூரம்? படி ஏறாமல் போகலாமா? எதிரொலி இல்லாமல் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேச நிழலான மூலைகள் உண்டா? அலங்காரம் எல்லாம் அப்புறம்.

பணத்தை ஒரே ஆள் போடுகிறேன் என்று முன்வந்தால் நன்றி சொல்லி ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுச் செலவும் ஒருவருடையது என்றால் விழாவும் அவருடையதாகிவிடும். சம்பாதிக்கிற பெரியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இல்லை என்று வையுங்கள். கொடுக்க முடியாதவர் யார் என்பது கிளைப் பொறுப்பாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வரவு செலவை இரண்டு பேர் பார்க்கட்டும், முடிந்ததும் ஒரே பக்கத்தில் குழுவில் போட்டுவிடுங்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை: ஒரு பந்தி நீண்டால் அன்றைய பொழுதே போய்விடும், அதனால் எளிமையாக வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது

கூடலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதை முடித்துவிட வேண்டும். அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்தச் சத்தத்தில் காது மந்தமான ஒருவரிடம் எதையும் கேட்க முடியாது.

அவர் வீட்டுக்கே போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் பதிவு செய்ய, இரண்டு பேர் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். மேசைமேல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் போனை வைத்தால் தட்டல் சத்தம் ஏறாது. தேதி, இடம், இருப்பவர்கள் பெயர் மூன்றையும் முதலில் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இருபது ஆண்டு கழித்துக் கேட்கிறவருக்கு அது இல்லாமல் ஒன்றும் விளங்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம்.

“உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்றால், “என்னத்தச் சொல்றது, எல்லாரையும் போலத்தான்” என்று முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, சிறுவயதில் இருந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். வாசல் எங்கே, அடுப்பு எங்கே, யார் எங்கே படுப்பார்கள்? கோடு கோணலாகத்தான் வரும், ஆனால் ஒவ்வொரு அறையாகப் போகப் போக ஆட்கள் வருவார்கள். “இந்தத் திண்ணைல ஒரு பெரியவர் படுத்திருப்பார், அவர் யாருன்னா...” என்று நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர் வந்து விழும். பழைய போட்டோக்களும் இதே வேலையைச் செய்யும்.

ஆண்டு கேட்காதீர்கள், நினைவில் இருக்காது. “அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முன்னாடியா பின்னாடியா?”, “உங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா அப்போ?” என்று கேட்டால் பதில் கிடைக்கும். இரண்டு சகோதரிகள் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் யார் சொன்னது என்ற பெயரோடு எழுதிவையுங்கள். அங்கேயே திருத்தப் போனால் அடுத்த கதை வராது. சிறுவயதில் இறந்துபோன பிள்ளைகளைப் பற்றி மெதுவாக, கடைசியில், தனியாக இருக்கும்போது கேளுங்கள். பெற்றவர்கள் பெரும்பாலும் சொல்லத் தயாராகத்தான் இருப்பார்கள், கேட்கத்தான் ஆளிருக்காது.

ஆளுக்கு ஓர் எண்

என்னைக் கேட்டால் இந்த ஏற்பாடு முழுவதிலும் அதிகப் பலன் தருவது இதுதான். 1940-இல் ஜாக் டாபோவில் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த முறை. நம் வசதிக்குக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

மூலத் தம்பதியின் பிள்ளைகளுக்கு வயது வரிசைப்படி 1, 2, 3 என்று எண் கொடுங்கள். மூன்றாவது பிள்ளையின் பிள்ளைகள் 3.1, 3.2 என்று போவார்கள். 3.2-இன் பிள்ளைகள் 3.2.1, 3.2.2. துணையாக வந்தவருக்கு அதே எண்ணோடு “து” சேர்த்துவிடுங்கள்: 3.2து. வருகிற ஒவ்வொருவரின் சட்டையிலும் இந்த எண்ணும் கூப்பிடும் பெயரும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கிளைக்கு ஒரு நிறம் என்று அட்டை அடித்தால் இன்னும் நல்லது.

இப்போது 3.2.4 என்ற பெண்ணும் 3.5.1 என்ற ஆணும் தண்ணீர்க் குடத்தருகே சந்திக்கிறார்கள். இடதுபுறத்திலிருந்து ஒத்துப்போகும் பகுதியை அடித்துவிடுங்கள். இருவருக்கும் 3 பொது, அதுதான் அவர்களுடைய தாத்தா அல்லது பாட்டி. மீதி இருப்பது 2.4, 5.1. ஆளுக்கு இரண்டு இலக்கம் மீதி என்றால் இவர்களின் பெற்றோர் உடன்பிறந்தவர்கள். ஆளுக்கு ஓர் இலக்கம்தான் மீதி என்றால் இவர்களே உடன்பிறந்தவர்கள். ஆளுக்கு மூன்று மீதி என்றால் தாத்தா பாட்டிமார் உடன்பிறந்தவர்கள், 3.2.4-உம் 5.1.1-உம் அப்படி. ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு இரண்டு என்றால் முன்னவர் பின்னவரின் பெற்றோரோடு உடன்பிறந்தவர். பத்து வயதுப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் இதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் ஆள் தேடிப் போய்விடும். பிள்ளைகளுக்கென்று தனியாக விளையாட்டுப் போட்டி வைப்பதைவிட இது மேல்.

எண் தூரத்தை மட்டும் சொல்லும், முறையைச் சொல்லாது. அண்ணனா அத்தானா என்பது நடுவில் இணைக்கிறவர்கள் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. அதனால் வரைபடத்தில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டுவிடுங்கள், மீதியைப் பெரியவர்கள் சொல்லித்தருவார்கள்.

சிக்கல் வரும் இரண்டு இடங்கள் உண்டு. உறவுக்குள்ளேயே திருமணம் நடந்திருந்தால் அவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு எண் வரும். இரண்டையுமே அட்டையில் எழுதுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள், பெருமையாகக் காட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, எண் போட்டு முடித்த பிறகு விடுபட்ட பிள்ளை ஒருவரைப் பற்றித் தெரியவந்தால் எல்லாவற்றையும் மாற்றி எழுதாதீர்கள். அவருக்கு அந்த வரிசையில் அடுத்த எண்ணைக் கொடுத்து, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

சுவரில் வரைபடம்

கணினியில் வரைந்த வம்ச மரம் அழகாக இருக்கும், ஆனால் கையில் பேனா பிடித்து எழுத முடிகிற தாளுக்கு அது ஈடாகாது. சுருள் தாள் வாங்கி, கிளைக்கு ஒரு தாள் என்று ஒட்டுங்கள். கடைசித் தலைமுறையில் ஒருவருக்கு 5 செ.மீ. என்றாலே 72 பேருக்கு 3.6 மீட்டர் வேண்டும், அதனால் ஒரே தாளில் அடக்கப் பார்க்காதீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும் படிக்கும் உயரத்தில் இருக்கட்டும். ஓரங்களில் நிறைய வெற்றிடம் விடுங்கள். பக்கத்திலேயே சிவப்புப் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, “தப்பு இருந்தால் திருத்துங்கள்” என்று எழுதிவையுங்கள். தப்பில்லாத வரைபடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தப்பு கண்ணில் பட்டால்தான் நின்று, இன்னொருவரைக் கூப்பிட்டு, விரல் வைத்து வாதாடுவார்கள். உங்களுக்கு வேண்டியதும் அந்த வாதம்தான்.

உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியையும் போன் எண்ணையும் சுவரில் போட வேண்டாம். பிறந்த தேதியும் தாயின் பெயரும் தெரிந்தாலே பல மோசடிகளுக்குப் போதும். யாரோ படம் எடுத்து எங்கோ பகிர்வார்கள். இறந்தவர்களுக்கு மட்டும் ஆண்டுகள் எழுதினால் போதும்.

கணினியில் ஏற்ற கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இலவசம், தகவல் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம்தான். ஆனால் அங்கே உலகத்துக்கே ஒரே மரம். இறந்தவர்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எதைப் பயன்படுத்தினாலும் கெட்காம் வடிவத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 1984-இல் வந்த அந்த வடிவத்தை அநேகமாக எல்லா வம்சாவளி மென்பொருளும் படிக்கும்.

“டிஎன்ஏ பரிசோதனை செய்யலாமே” என்று இளையவர் ஒருவர் நிச்சயம் சொல்வார். கூடலில் வைத்து வேண்டாம். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கிடையே சராசரியாக 12.5 விழுக்காடு ஒத்திருக்கும், அதற்கடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு 3 சொச்சம். இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் ஏறக்குறைய பத்தில் ஒரு ஜோடிக்கு ஒத்த துண்டே சிக்காது. உறவு இருந்தும் இல்லை என்று வரலாம். அதைவிட முக்கியம், யாரோ ஒருவர் வாழ்நாளெல்லாம் மூடிவைத்த விஷயம் வெளியே வரலாம்.

பழைய போட்டோ மேசை

வருகிறவர்களைப் பழைய படங்கள் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் அன்றே நகல் எடுத்து அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூலப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டால் தொலைந்த பழி உங்கள்மேல்தான். ஸ்கேனர் இருந்தால் சின்னப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை நேராகப் பிடித்து எடுக்கலாம். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள், அங்கேதான் எழுத்து இருக்கும். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதவே கூடாது, அது முன்பக்கம் எழும்பிவிடும். மென்மையான பென்சில், அழுத்தாமல். பசைப்பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் அப்படியே பக்கத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு

நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். வரவேற்பு, மறைந்தவர்களின் பெயர்களை வாசிப்பது, மூத்தவர் இரண்டு வார்த்தை பேசுவது, எல்லாம் சேர்ந்து அரை மணி. ஒலிபெருக்கியை அதோடு அணைத்துவிடுங்கள். நாள் முழுக்கப் பாட்டும் பேச்சும் அலறிக்கொண்டிருந்தால் காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் மூலையில் தனியாக உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களிடம்தான் கதை இருக்கிறது.

குழுப் படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கால்வாசிப் பேர் கிளம்பியிருப்பார்கள். எல்லோரையும் நிழலில் நிறுத்தி, படம் எடுக்கிறவர் மாடியிலோ ஏணியிலோ நின்று மேலிருந்து எடுத்தால் பின்வரிசை முகங்களும் தெரியும். கண் மூடுவது வேறு தொல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்குப் போட்டு 2006-இல், சிரிக்கவைத்து யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசே வாங்கினார்கள். 20 பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில், ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுக்கச் சொல்கிறது அவர்கள் விதி. 50 பேரைத் தாண்டினால் எல்லோரும் கண் திறந்திருக்கும் படத்துக்கு ஆசைப்படவே வேண்டாம். எனவே மொத்தக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் படம் தட்டிவிட்டு, கிளை கிளையாகத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு கிளைப் படத்துக்கும் உடனே வரிசைப்படி எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

துணையாக வந்தவர்கள் இந்த நாளில் கொஞ்சம் அந்நியமாகவே நிற்பார்கள். மருமகள்களும் மருமகன்களும் சேர்ந்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு அதிகம் சிரிப்பு எழுவது அங்கேதான்.

மதியத்துக்கு மேல் எதுவும் ஏற்பாடு செய்யாதீர்கள். நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொள்ள விட்டுவிடுங்கள். நீங்களும் போய் உட்காருங்கள்.

கூட்டம் கலைவதற்கு முன் அடுத்த பொறுப்பாளரை அறிவித்துவிடுங்கள். வேறு கிளையிலிருந்து, முடிந்தால் வேறு ஊரிலிருந்து. இரண்டு வாரத்துக்குள் சிவப்புப் பேனாத் திருத்தங்களைச் சேர்த்த வரைபடத்தையும் படங்களையும் எல்லோருக்கும் அனுப்புங்கள்; அதற்கு மேல் ஆனால் உங்களுக்கே அலுத்துவிடும். குரல் பதிவுகள், படங்கள், கெட்காம் கோப்பு மூன்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். சுவர்த் தாள்களைப் படம் எடுத்துக்கொண்டு சுருட்டி, மீந்த அட்டைகளையும் வரவு செலவுத் தாளையும் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு அடுத்த பொறுப்பாளரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். “அப்புறம் கொண்டுவந்து தர்றேன்” என்றால் அது உங்கள் பரணில்தான் கிடக்கும்.